கார்பன் தாளை முதலில் வையுங்கள்

போன மாதம் என் தங்கை செந்துறைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி பெரம்பலூருக்கு வந்திருந்தாள். அவள் கணவர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் பெயரில் ஒரு காப்பீடு இருந்தது. அதற்கு இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்களாம். "அண்ணே, உங்ககிட்டதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்று பையோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எந்தக் கம்பெனி, எந்தத் தளம் என்று சொல்லப் போவதில்லை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான் என்பதால் பெயர் சொல்லி ஒருவரை மட்டும் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை.

படிவம் ஐந்து பக்கம். பாலிசி எண், இறந்த தேதி, நேரம், வங்கிக் கணக்கு என்று வரிசையாகக் கேட்டது. கடைசியில் பெரிய கட்டம் ஒன்று: இறப்பு எந்தச் சூழ்நிலையில் நேர்ந்தது என்று விவரிக்க வேண்டும். நான் இரண்டு விரலால் தட்டுகிறவன். அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். காட்டிலிருந்து வந்து தண்ணி கேட்டார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், ஆட்டோ வர நேரமாகிவிட்டது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தினேன். 'செஷன் எக்ஸ்பயர்டு' என்று வந்தது. திரும்ப உள்ளே போய்ப் பார்த்தால் படிவம் துடைத்த பலகைபோல இருந்தது.

"திரும்பவும் மொதல்லேருந்து சொல்லணுமாண்ணே?" என்றாள். சொன்னாள். இந்தத் தடவை வேகமாக அடித்தேன். அழுத்தியதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, டவர் போய்விட்டது. மறுபடியும் வெள்ளைப் பலகை. மூன்றாம் முறை அவள் எழுந்து சமையற்கட்டுப் பக்கம் போய்விட்டாள். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருச்சே, நீங்களே எழுதிடுங்க" என்ற குரல் மட்டும் வந்தது.

இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் குரலால்தான்.

என் தம்பி மகள் சென்னையில் இந்த வலைத்தள வேலையில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பிடித்து, "ஏம்மா, நாங்க மெதுவா அடிக்கிறது தப்பா?" என்று கேட்டேன். "இல்ல பெரியப்பா, அங்க யாரோ நகல் எடுக்க மறந்துட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள். நகல் என்ற சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் பதிவுத் துறையில் முதலில் சேர்ந்தது நகல் எழுதும் வேலைக்குத்தான். என்னிடமா!

அவள் சொன்னதை, எனக்குப் புரிந்த அளவில், நம் பாஷையில் சொல்கிறேன்.

நாம் பொத்தானை அழுத்தும்போது பிரௌசருக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி ஒரு கோரிக்கையைத் தயார் செய்கிறது. (இந்த மொழி பிறந்தது 1995-இல். நம் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அதே வருஷம்.) கோரிக்கைக்கு 'ரிக்வெஸ்ட்' என்று பெயர், அதை அனுப்பும் கருவிக்கு 'ஃபெட்ச்' என்று பெயர். 2015 வாக்கில் பிரௌசர்களுக்குள் வந்தது. அந்தக் கோரிக்கை ஒரு தபால் மாதிரி. மேலே உறை: எந்த முகவரிக்கு, என்ன வகை, யார் அனுப்புவது என்ற குறிப்புகள். உள்ளே கடிதம்: நாம் தட்டச்சு செய்த அத்தனையும். அதை 'பாடி' என்கிறார்கள்.

உறையை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். உள்ளே இருக்கும் கடிதத்தை ஒரே ஒரு தடவைதான் படிக்க முடியும். அனுப்புவதும் படிப்பதுதான். அனுப்பியபின் கோரிக்கை என்ற பொருள் கையில் இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது. 'பாடி யூஸ்டு' என்று ஒரு குறி மட்டும் விழுந்திருக்கும்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன காரணம் நியாயமாகத்தான் பட்டது. அந்த உள்ளடக்கத்தை ஒரு மூட்டையாக வைத்துக்கொள்ளாமல் வாய்க்கால் நீர் மாதிரி ஓட விடுகிறார்கள். நாலு வரி விண்ணப்பமும் அதே வழியில்தான் போகும், பெரிய வீடியோவும் அதே வழியில்தான் போகும். அத்தனையையும் நினைவகத்தில் தேக்கி வைத்தால் சாதாரண போன் திணறிவிடும். அதனால் வருவதை வந்தபடியே தள்ளிவிடுகிறார்கள். மதகைத் தாண்டிய தண்ணீரைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

ஆனால் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும் முன்பே கிளை போட்டுக்கொள்ளலாம். அதற்கு 'குளோன்' என்று ஒரு கட்டளை. குளோன் என்றதும் ஆட்டுக்குட்டி டாலிதான் எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே அர்த்தம் வேறு. அந்தக் கட்டளை உள்ளே செய்கிற வேலைக்குப் பெயர் 'டீ'. குடிக்கிற டீ இல்லை. போர்வெல் போட்டவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பி.வி.சி. குழாயின் டீ. ஒரு குழாயில் வருவதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கிளை சர்வருக்குப் போகும், இன்னொன்று நம்மிடமே நிற்கும். அனுப்பியது போய்ச் சேரவில்லை, அல்லது செஷன் முடிந்துவிட்டது என்று திரும்பி வந்தால், ஆளை மறுபடி உள்நுழைய வைத்துவிட்டு, நிற்கிற கிளையை அனுப்பினால் முடிந்தது. அப்படிச் செய்திருந்தால் தங்கை ஒரு வார்த்தைகூடத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்று. அனுப்புவதற்கு முன்பே எடுக்க வேண்டும். அனுப்பிவிட்டு நகல் கேட்டால் 'டைப் எரர்' என்று பிழை காட்டி நின்றுவிடும். நிரலில் இரண்டு வரி: முதல் வரி நகல், இரண்டாவது வரி அனுப்புதல். வரிசை மாறினால் எல்லாம் போச்சு. "எத்தனையோ பேர் இதுல மாட்டியிருக்காங்க பெரியப்பா, நானும் மாட்டியிருக்கேன்" என்றாள்.

தட்டச்சு இயந்திரம் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. கார்பன் தாளை முதலில் வைப்போமா, அடித்து முடித்த பிறகு வைப்போமா? ஆபீஸ் காப்பி இல்லாமல் ஒரு தபால் அனுப்புகைப் பிரிவுக்குப் போனால் சூப்பிரண்டு என்ன செய்வார் என்று நம் செட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பதிவு அலுவலகத்தில் இன்னும் கண்டிப்பு. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டமே சொல்கிறது: பதிவுக்கு ஏற்றுக்கொண்ட பத்திரத்தை ஏற்ற வரிசைப்படியே அதற்குரிய புத்தகத்தில் நகல் எடுக்க வேண்டும். சொத்துப் பத்திரமென்றால் அது புத்தகம் 1. நகல் எழுதி, ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஒப்பிட்டு, அடித்தல் திருத்தல் இருந்தால் அதையும் குறித்து, அதற்குப் பிறகுதான் மூலப் பத்திரம் பார்ட்டி கைக்குப் போகும். சின்ன வயதில் எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. கை வலிக்க வலிக்க நான்கு எல்லை, இத்தனை ஏர்ஸ் என்று எழுதிக்கொண்டே இருப்போம். பின்னாளில், பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது, வீடு எரிந்துவிட்டது என்று வந்து நின்றவர்களுக்கு அந்தப் புத்தகத்திலிருந்துதான் சான்றிட்ட நகல் எடுத்துக் கொடுத்தோம். அவர்களில் ஒருவரையும் 'உங்கள் தாத்தா நிலம் வாங்கிய கதையை மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்டதில்லை.

கையால் எழுதிய காலத்து அந்த ஒழுங்கு கம்ப்யூட்டர் வந்த பிறகு ஏன் கைவிடப்பட வேண்டும்? நூறு வருஷம் முன்னால் ஒரு பத்திரத்துக்கு நகல் எடுக்க அரை நாள் ஆகும், இருந்தும் எடுத்தார்கள். இன்றைக்கு ஒரே வரியில் முடிகிற வேலை, எடுக்கவில்லை. செலவு கருதி விட்டுவிட்டார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்கிறவர்கள் வேகமான இணைப்பில், வேகமான விரல்களோடு, கற்பனைப் பெயர்களைப் போட்டு ஒரு நிமிஷத்தில் படிவத்தை முடித்துவிடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்குச் செஷன் முடிவதே இல்லை. அவர்கள் எதிரில் உட்கார்ந்து யாரும் நெஞ்சு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதும் இல்லை.

இதில் நுணுக்கங்களும் இருக்கின்றன. தம்பி மகள் சொல்லச் சொல்ல, பழைய வேலையில் உட்கார்ந்திருப்பதுபோல எனக்கு ரசமாக இருந்தது.

ஒன்று, பழைய கோரிக்கையைக் கொடுத்துப் புதிய கோரிக்கை ஒன்றை உருவாக்குகிற வழி. பார்ப்பதற்கு நகல் மாதிரியே இருக்குமாம். ஆனால் அது நகல் இல்லை. உள்ளே இருந்த கடிதம் முழுக்கப் புதியதுக்குப் போய்விடும், பழையது காலியாகிவிடும். இதை நாங்கள் நகல் என்று சொல்ல மாட்டோம், கிரயம் என்போம். சொத்து கைமாறிவிட்டது. நகலென்று நம்பிக் கிரயம் எழுதிக்கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை நான் வேலையில் பார்த்திருக்கிறேன். நிரல் எழுதுகிறவர்களிலும் இருக்கிறார்களாம்.

இன்னொன்று, ரத்து. அனுப்பிய கோரிக்கைக்கு இத்தனை நொடிக்குள் பதில் வராவிட்டால் ரத்து செய் என்று ஒரு சமிக்ஞை வைக்கலாம். நம் பக்கத்து டவருக்கு அது அவசியமும்கூட. ஆனால் மூலத்தை ரத்து செய்தால் அதிலிருந்து குளோன் எடுத்த நகலும் சேர்ந்தே ரத்தாகும். நகல் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து அனுப்பினால் அதுவும் அங்கேயே விழுந்துவிடும். அந்த நகலுக்குப் புதிய சமிக்ஞை ஒன்றைக் கட்டித்தான் அனுப்ப வேண்டும்.

டீ குழாயிலும் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கிளையில் தண்ணீர் ஓடி, மறு கிளையின் வாயை யாரும் திறக்காவிட்டால் அந்தப் பக்கம் தேங்கும். நாலு பக்கத் தட்டச்சு என்றால் தேங்குவது ஒரு சொம்புத் தண்ணீர். ஸ்கேன் செய்த பெரிய பெரிய ஆவணங்களை இணைத்திருந்தால் ஏரி. மலிவான போனில் அது கஷ்டம்தான். அதனால் இணைப்புகளைத் தனியாக முதலிலேயே ஏற்றிவிட்டு, எழுத்துப் பகுதிக்கு மட்டும் நகல் வைப்பது உத்தமம் என்றாள்.

எல்லாத் தளமும் இந்த ஃபெட்ச் வழியில் ஓடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தையே மொத்தமாக அனுப்பும் பழைய பாணிப் படிவங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே குளோன் என்ற பேச்சே கிடையாது, தட்டச்சு செய்யும்போதே அவ்வப்போது சேமித்துக்கொண்டு போக வேண்டும். வழி வேறு, கடமை ஒன்றுதான்.

இதைப் படித்ததும் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார் என்று தெரியும். போனிலேயே வந்துவிட்டார். "சார், ஒருத்தர் எழுந்தா அடுத்தவர் உட்கார்ற கம்ப்யூட்டர். போறவங்க ஆதார் நம்பர், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் அதுலயே நகலா நின்னா யார் பொறுப்பு?" என்றார். நல்ல கேள்வி. அரியலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படிப் பொதுக் கம்ப்யூட்டரில்தான் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நான் கேட்கிற நகல் அந்த வகை இல்லை. குளோன் எடுத்தது நினைவகத்தில் மட்டும் நிற்கும். அந்தப் பக்கத்தை மூடினால் அதோடு போய்விடும், வட்டில் எழுதப்படாது. செஷன் முடிந்ததற்கும், டவர் இரண்டு நிமிஷம் போய் வந்ததற்கும் அதுவே போதும். கரண்டே போய்விட்டால் அது காப்பாற்றாது. அதற்காக வட்டில் எழுதி வைக்கிற ஏற்பாட்டை, 'இது என் சொந்தக் கம்ப்யூட்டர்' என்று ஆள் சொன்னால் மட்டும் செய்யட்டும். வேலை முடிந்ததும் அழிக்கட்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று, அனுப்பியவர்களோடு நிற்காமல் பெறுகிறவர்கள் பக்கமும் போகிறது. கையில் நகல் இருந்தால் இரண்டு தடவை அனுப்பிவிடவும் முடியும் அல்லவா? முதல் தபால் உண்மையில் போய்ச் சேர்ந்து, 'வந்து சேர்ந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால்? இணையத்தின் விதிகளிலேயே இதற்குப் பிரிவு உண்டு. 'கெட்' என்பது பார்த்துவிட்டுப் போகிற கோரிக்கை, பத்துத் தடவை கேட்டாலும் ஒன்றும் மாறாது. 'போஸ்ட்' என்பது பெரும்பாலும் ஏதோ ஒன்றைப் பதிவு செய்கிற கோரிக்கை. இரண்டு தடவை போனால் இரண்டு பதிவு. பக்கத்தைப் புதுப்பித்தால் 'மறுபடி அனுப்பவா' என்று பிரௌசர் கேட்கிறதே, அது இதனால்தான். நம்மில் பெரும்பாலோர் அங்கே கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' கொடுத்துவிடுகிறோம்.

தபால் பிரிவில் இதற்கு என்ன செய்தார்கள்? ஒரே மனு இரண்டு தடவை வந்தால் எண்ணைப் பார்த்து, 'ஏற்கெனவே வந்தது' என்று முன்னதோடு சேர்த்துக் கட்டினார்கள். இணையத்திலும் அதே ஏற்பாடு செய்யலாம். கோரிக்கை பிறக்கும்போதே அதற்கு ஒரு தனி எண் கொடுத்துவிட வேண்டும். நகலிலும் அதே எண்தான் இருக்கும். பெறுகிற சர்வர் அந்த எண்ணைப் பார்த்து, இரண்டாவதாக வந்ததைப் புதுப் பதிவாக எடுத்துக்கொள்ளாமல் முதலாவதன் ரசீதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். பணப் பரிவர்த்தனையில் இது நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்ட்ரைப் போன்ற நிறுவனங்கள் 'ஐடெம்பொட்டன்சி கீ' என்று இதற்கு ஒரு வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கின்றன. பணம் இரண்டு தடவை பிடித்தால் சண்டை வரும் என்று அங்கே கவனமாக இருக்கிறார்கள். மனுவும் விண்ணப்பமும் இரண்டு தடவை பதிவானால் அலைகிறது யார்? நாம்தானே.

எங்கள் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் இந்த நகல், அழிப்பு, மறுபடி நகல் எல்லாம் பழக்கம்தான். அரியலூரை 2001-இல் தனி மாவட்டமாக எடுத்தார்கள், 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்த காலம் அது. ஆனால் அத்தனை பிரிவினையிலும் புத்தகம் 1-இல் எழுதியது எழுதியபடியே இருந்தது. எல்லைக்கல் மாறியதற்காக யாருடைய கிரயமும் மறுபடி எழுதப்படவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். பொதுமக்கள் விண்ணப்பிக்கிற தளத்தை யார் செய்தாலும், அரசோ வங்கியோ காப்பீட்டுக் கம்பெனியோ, அதை ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு சோதனை வைக்க வேண்டும். படிவம் முழுக்க நிரப்பிவிட்டு, வேண்டுமென்றே செஷன் முடியும்வரை காத்திருந்து, அல்லது வை-ஃபையை அணைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். நிரப்பியது காணாமல் போனால் அந்தத் தளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்பிட்டவர் கையெழுத்து இல்லாத நகலை நாங்கள் திருப்பி அனுப்பியது மாதிரி.

அதுவரைக்கும் நம்மைப் போன்றவர்கள் நீளமானதை முதலில் காகிதத்திலோ போனின் குறிப்பிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியபின் சக்கரம் சுற்றினால் மறுபடி அழுத்தாமல், விண்ணப்ப நிலை என்ற பகுதியில் முதலில் போய்ப் பாருங்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும் என்பது பத்து நாள் கழித்துத் தெரிந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த அந்த இரண்டாம் விண்ணப்பம் உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மூன்றாவதும் சேர்ந்திருக்கிறது. தங்கையின் போனுக்கு இரண்டு எண்களோடு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. பின்னாலேயே ஒரு மின்னஞ்சல்: ஒரே இறப்புக்கு இரண்டு கோரிக்கை ஏன், எது சரியானது, விளக்கம் தருக. கூடவே ஒரு படிவம்.

திறந்து பார்த்தேன். கடைசியில் அதே பெரிய கட்டம். தங்கையை நான் கூப்பிடவில்லை. அவள் இரண்டு தடவை சொன்னதை அன்றைக்கு ராத்திரியே நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன், நாலு பக்கம். அதை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டத் தொடங்கியிருக்கிறேன்.